சிவப்புத் தங்கத்தில் குவாண்டம் இல்லை

நானோ அறிவியல் பற்றி யார் பேசினாலும் தவறாமல் வரும் உதாரணம் ஒன்று உண்டு. தங்கம் மஞ்சள், அதையே நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் சிவப்பு, காரணம் குவாண்டம் விளைவு. இதில் முதல் இரண்டும் சரி, மூன்றாவது தவறு. சின்னத் தவறுதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுவதால், இரண்டு தனித்தனியான, இரண்டுமே அழகான விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. 20 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தங்கத் துகள் வெளிச்சத்தோடு நடந்துகொள்ளும் விதம் வேறு, வெறும் 25 அணுக்கள் சேர்ந்த தங்கக் கொத்து நடந்துகொள்ளும் விதம் வேறு. சிவப்பு நிறம் முதல் வகைக்குச் சொந்தம், குவாண்டம் இரண்டாவதுக்கு. இந்தப் பிரிவை ஒருமுறை தெளிவாகப் பிடித்துக்கொண்டால் இந்தத் துறையில் வரும் பாதிச் செய்திகள் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

முதலில் சாதாரணத் தங்கம் ஏன் மஞ்சள் என்பதைப் பார்த்துவிடலாம். உலோகத்துக்குள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாத எலக்ட்ரான்கள் ஏராளம். மேலே வந்து விழும் ஒளியின் மின்புலத்துக்கு ஏற்ப அவை உடனே அசைந்து கொடுக்கின்றன, அந்த அசைவே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வெள்ளி கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களையும் இப்படித் திருப்பி அனுப்புவதால் வெண்மையாகப் பளபளக்கிறது. தங்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் 5டி என்ற ஆற்றல் மட்டத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கிடைத்தாலே மேலே இருக்கும் 6எஸ் மட்டத்துக்குத் தாவிவிடும், அதாவது நீல வெளிச்சத்தை விழுங்கிவிடும். நீலம் போனால் மிச்சம் மஞ்சள். வெள்ளியில் இதே தாவலுக்கு 4 எலக்ட்ரான் வோல்ட் வரை வேண்டும், அது புறஊதாப் பகுதி, நம் கண்ணுக்கு வேலை இல்லை. தங்கத்துக்கு மட்டும் ஏன் இப்படி? அதன் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். உள்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன, ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகள் அங்கே கணக்குக்கு வந்துவிடுகின்றன, 6எஸ் மட்டம் சுருங்கிக் கீழே இறங்குகிறது, 5டி மேலே ஏறுகிறது, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி குறைகிறது. ஆக, குவாண்டமும் சார்பியலும் சேர்ந்து விளையாடுவது மஞ்சளில்! அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, சிவப்பைப் பார்த்துக் குவாண்டம் என்கிறார்கள்.

சரி, சிவப்புக்கு வருவோம். 20 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்க உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் அணுக்கள் இருக்கும், அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில் அதே எண்ணிக்கையில் கட்டற்ற எலக்ட்ரான்கள். பச்சை வெளிச்சத்தின் அலைநீளம் சுமார் 520 நானோமீட்டர், துகளோ அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதனால் துகளின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இடையே ஒளியின் மின்புலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இருக்காது, ஒரு கணத்தில் துகள் முழுவதும் ஒரே திசையில் ஒரே அளவு புலத்தை உணர்கிறது. புலம் தள்ளும்போது எலக்ட்ரான் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்கிறது. நகர்ந்த பக்கத்தின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடுகிறது, விட்டுப்போன பக்கத்தில் நேர்மின்னூட்டம் வெளியே தெரிகிறது, இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால் கூட்டம் திரும்பி வருகிறது, வந்த வேகத்தில் நடுவைத் தாண்டி மறுபக்கம் போகிறது. ஊஞ்சலைப் போலவே இதற்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகும், வேறு தாளத்தில் தள்ளினால் பெரிதாக எதுவும் நடக்காது. தண்ணீரில் மிதக்கும் தங்க உருண்டைக்கு அந்தத் தாளம் வினாடிக்கு சுமார் 580 லட்சம் கோடி அசைவுகள், அதாவது சரியாக 520 நானோமீட்டர் ஒளி. பச்சையை இப்படிப் பிடித்து விழுங்கிவிடுகிறது, நீலத்தில் ஒரு பகுதியை 5டி எலக்ட்ரான்கள் ஏற்கெனவே எடுத்துக்கொள்கின்றன, மிஞ்சி நம் கண்ணுக்கு வந்து சேர்வது சிவப்பு. இந்தக் கூட்டு அசைவுக்குத்தான் மேற்பரப்பு பிளாஸ்மான் என்று பெயர்.

எந்த அலைநீளத்தில் இந்த ஒத்ததிர்வு வரும் என்பதற்கு ஒரு சுருக்கமான நிபந்தனை இருக்கிறது. உலோகத்தின் விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்), சுற்றியிருக்கும் பொருளின் விடுதிறனைப் போல் மைனஸ் இரண்டு மடங்காக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த நிபந்தனையில் துகளின் அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அளவு மாறினால் நிறம் மாறும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், ஆனால் தங்க உருண்டையை 20 நானோமீட்டரிலிருந்து 100 நானோமீட்டர் வரை, அதாவது ஐந்து மடங்கு பெரிதாக்கினாலும், ஒளியை அதிகமாக விழுங்கும் உச்சம் நகர்வது 520-லிருந்து 570-ஐ ஒட்டிய இடம் வரைக்கும்தான். அந்த நகர்வும் துகள் பெரிதாகும்போது ஒளியின் புலம் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் சமமாக இல்லாமல் போவதால் வருவது.

இதைச் செய்து பார்ப்பது கஷ்டமே இல்லை, வேதியியல் ஆய்வகத்தில் முதன்முதலில் செய்யச் சொல்லும் நானோ சோதனையே பெரும்பாலும் இதுதான். 1951-ல் டர்கெவிச் குழு விரிவாக ஆராய்ந்து எழுதிய முறை, 1973-ல் ஃபிரென்ஸ் அதில் அளவைக் கட்டுப்படுத்தும் வழியைச் சேர்த்தார். கண்ணாடிக் குடுவையை இராஜ திராவகத்தால் கழுவி, பிறகு தூய நீரால் பலமுறை அலசிவிட வேண்டும், இதில் சோம்பல் பட்டால் குடுவையில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பிடித்துக்கொண்டே துகள்கள் தாறுமாறாக வளரும். மிக நீர்த்த குளோரோ ஆரிக் அமிலக் கரைசலை (தங்கம் அயனியாகக் கரைந்திருப்பது இதில்தான்) கொதிக்க வைத்துக் காந்தக் கிளறியால் கலக்கிக்கொண்டே டிரைசோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். அப்புறம் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். முதலில் இருந்த இளமஞ்சள் மறைந்து கரைசல் நிறமே இல்லாமல் ஆகிறது. சற்று நேரம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு லேசான சாம்பல், அது கறுத்து மை நீலம், அதிலிருந்து ஊதா, ஊதாவிலிருந்து தெளிந்த ஆழ்ந்த சிவப்பு. கொதிநிலையில் இதெல்லாம் சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். சிட்ரேட் இங்கே இரண்டு வேலை செய்கிறது. தங்க அயனிகளை ஒடுக்கி உலோகமாக்குகிறது, அப்படி உருவான துகளின் மேல் ஒட்டிக்கொண்டு அதற்கு எதிர்மின்னூட்டம் கொடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைக்கிறது. சிட்ரேட்டைக் கூட்டினால் சின்னத் துகள், குறைத்தால் பெரிய துகள்.

இந்தக் கரைசலை, எந்த அலைநீளம் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் வைத்தால் 520-ஐ ஒட்டி ஒரே ஒரு மேடு. அதன் வலப்பக்கம் சிவப்பை நோக்கிச் சரசரவென்று சரிந்து அடிமட்டத்துக்குப் போய்விடும், இடப்பக்கமோ கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிடும், பூஜ்யத்துக்கு வராது. அந்த இடப்பக்கம்தான் மேலே சொன்ன 5டி எலக்ட்ரான்களின் வேலை. மஞ்சளுக்குக் காரணமானதும் சிவப்புக்குக் காரணமானதும் ஒரே வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் சிவப்பு ஊதாவாகி நீலமாகிறது. உப்பின் அயனிகள் சிட்ரேட் கொடுத்த மின்னூட்டத்தை மறைத்துவிடுகின்றன, விலகி நின்ற துகள்கள் நெருங்கி வந்து ஒட்டுகின்றன, நெருங்கியதும் ஒன்றின் எலக்ட்ரான் அசைவு மற்றொன்றின் அசைவோடு பிணைந்து தாளம் மெதுவாகிறது, உச்சம் 600-ஐத் தாண்டி நகர்கிறது. தனித்தனித் துகளின் அளவு துளியும் மாறவில்லை, இடைவெளி மட்டும்தான் மாறியிருக்கிறது! அளவுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்று யாராவது சொன்னால் காட்ட வேண்டியது இதைத்தான். 1996-ல் மிர்கின் குழு, துகள்களின் மேல் டிஎன்ஏ இழைகளை ஒட்டி, அவற்றுக்குப் பொருத்தமான எதிர் இழை வந்தால் மட்டும் துகள்கள் நெருங்கும்படி செய்தார்கள். எதிர் இழை இருந்தால் நிறம் மாறும், இல்லாவிட்டால் சிவப்பாகவே இருக்கும். கருவியே இல்லாமல் வெறும் கண்ணால் டிஎன்ஏவை அடையாளம் காண அது வழி திறந்தது.

உப்பு போட்டால் நீலமாகும் என்பது 1857-லேயே தெரியும். மைக்கேல் ஃபாரடே அந்த வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் பேக்கேரியன் உரையாக, தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவு பற்றிய தன் சோதனைகளை எடுத்துச் சொன்னார். கார்பன் டைசல்ஃபைடில் கரைத்த பாஸ்பரஸால் தங்கக் கரைசலை ஒடுக்கி அவர் செய்த சிவப்புத் திரவங்களின் மாதிரிகள் இன்றும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கின்றன. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படவே இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்த காலம் அது. திரவத்துக்குள் ஒளிக்கற்றையைக் குவித்துப் பார்த்து, கற்றை போகும் பாதை தெரிவதை வைத்தே, இதில் தங்கம் கரையவில்லை, மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது என்று சரியாகச் சொன்னார். அளந்து பார்க்க வழியில்லாத ஒன்றை இவ்வளவு நிதானமாக அணுகியிருப்பது எனக்கு ஃபாரடே மேல் இருக்கும் மரியாதையை இன்னும் கூட்டுகிறது.

அவர் விட்ட இடத்திலிருந்து கணக்குப் போட்டு முடித்தவர் குஸ்டாவ் மீ, 1908-ல். கோள வடிவமான உலோகத் துகள் மேல் ஒளி விழுந்தால் எவ்வளவு விழுங்கப்படும், எவ்வளவு சிதறும் என்பதை மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை மட்டும் வைத்து முழுவதுமாகத் தீர்த்தார். தங்கக் கூழ்மத்தின், அதாவது துகள்கள் மிதக்கும் அந்தச் சிவப்புத் திரவத்தின், நிறம் அந்தக் கணக்கிலிருந்து வந்துவிட்டது. 1908 என்றால் போரின் அணு மாதிரி வர ஐந்து ஆண்டுகள், ஷ்ரோடிங்கர் சமன்பாடு வரப் பதினெட்டு ஆண்டுகள் பாக்கி. மீ உள்ளே போட்டது தங்கத்தின் ஒளியியல் மாறிலிகளை, அதுவும் சாதாரணத் தங்கத்தில் அளந்த எண்களை. துகளுக்குள் இருக்கும் தங்கமும் சாதாரணத் தங்கமே என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு சோதனையோடு ஒத்துப்போகிறது என்றால், அங்கே சிறியதாக ஆனதால் வந்த புதிய குவாண்டம் எதுவும் தேவைப்படவில்லை என்றுதானே அர்த்தம்? சிவப்புத் தங்கத்தைப் பற்றி நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றும் ஊகிக்க முடிகிறது. குவாண்டம் புள்ளிகள் என்ற குறைகடத்தித் துகள்களுக்கு 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது, அவற்றில் அளவு மாறினால் நிறம் மாறுவது உண்மையிலேயே குவாண்டம் அடைப்பால், அதாவது எலக்ட்ரானைச் சின்ன இடத்துக்குள் நெருக்குவதால், வருவது. காட்மியம் செலினைடில் ஒளி உண்டாக்கும் எலக்ட்ரான்-துளை ஜோடி (மேலே தாவிய எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும்) சில நானோமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும், துகள் அதைவிடச் சிறியதானால் இட நெருக்கடி வந்து ஆற்றல் மட்டங்கள் நகர்ந்துவிடும். தங்கத்தில் முக்கியமான எலக்ட்ரானின் அலைநீளம் அரை நானோமீட்டர்தான். 20 நானோமீட்டர் துகளுக்குள் அதற்கு எந்த நெருக்கடியும் இல்லை. இரண்டும் நானோ, இரண்டும் நிறம் காட்டுகின்றன என்பதற்காக இரண்டையும் ஒரே விளக்கத்தில் அடைத்துவிட்டார்கள்.

உருண்டையை விட்டுக் கோலாக்கினால் கதை இன்னும் சுவாரசியமாகிறது. குறுக்கே அசைய ஒரு தாளம், நீளவாக்கில் அசைய இன்னொரு தாளம் என்று இரண்டு உச்சங்கள் வரும். நீளம் அகலத்தைப் போல் நான்கு மடங்கு இருந்தால் இரண்டாவது உச்சம் 800 நானோமீட்டரை ஒட்டிப் போய்விடும், அது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு. உடல் திசுக்களும் இரத்தமும் ஒளியைக் குறைவாக விழுங்கும் பகுதி என்பதால் மருத்துவத்துக்கு இது தோதான இடம். சிலிக்கா உருண்டைமேல் மெல்லிய தங்க ஓடு போட்ட நானோ ஓடுகளிலும் ஓட்டின் தடிமனை மாற்றி உச்சத்தை இதே பகுதிக்குக் கொண்டுவரலாம். அப்படிப்பட்ட துகள்களைச் செலுத்தி, லேசரால் சூடேற்றி, புராஸ்டேட் புற்றுக் கட்டியை மட்டும் அழிக்கும் மருத்துவப் பரிசோதனையின் முடிவுகள் 16 நோயாளிகளை வைத்து 2019-ல் வெளியாயின.

சூடு எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலக்ட்ரான்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம் நீடிப்பது பத்து ஃபெம்டோவினாடியைப் போலத்தான் (ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, ஃபெம்டோவினாடி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதற்குள் தாளம் கலைந்து அந்த ஆற்றல் தனித்தனி எலக்ட்ரான்களின் சூடாக மாறிவிடும். அடுத்த ஓரிரு பிக்கோவினாடிகளில் எலக்ட்ரான்கள் அந்தச் சூட்டை அணுக்களின் அதிர்வுக்குக் கொடுக்கும், நூறு பிக்கோவினாடி வாக்கில் அது சுற்றியிருக்கும் தண்ணீருக்குப் போய்ச் சேரும். விழுங்கிய ஒளி கிட்டத்தட்ட முழுவதும் வெப்பம்தான்.

விழுங்குவதும் சிதறடிப்பதும் வேறுவேறு. விழுங்குவது துகளின் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், சிதறுவது ஆறாம் அடுக்குக்கு ஏற்ப. அதனால் 20 நானோமீட்டர் தங்கம் பெரும்பாலும் விழுங்கும், 80 நானோமீட்டரைத் தாண்டினால் சிதறலும் போட்டிக்கு வந்துவிடும். இதற்குச் சிறந்த சாட்சி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் லைகர்கஸ் கோப்பை, நான்காம் நூற்றாண்டு ரோமானியர் செய்தது. முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. அந்தக் கண்ணாடிக்குள் தங்கமும் வெள்ளியும் கலந்த துகள்கள் 50-லிருந்து 100 நானோமீட்டர் அளவில் சிதறிக் கிடக்கின்றன. பச்சை சிதறி நம் பக்கம் வருகிறது, ஊடுருவிப் போவது சிவப்பு. (பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் சிவப்புக் கண்ணாடிகளும் தங்கத்தால் ஆனவை என்று பலர் எழுதுகிறார்கள். இடைக்காலத்துச் சிவப்பு பெரும்பாலும் செம்பு. தங்கச் சிவப்புக் கண்ணாடி பரவலானது பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு.)

நம்மில் பலர் கையில் பிடித்துப் பார்த்த தங்க நானோதுகளும் உண்டு. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில், கோவிட் விரைவுப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு, பெரும்பாலான தயாரிப்புகளில், எதிர்ப்பொருள் போர்த்திய தங்கத் துகள்கள் வந்து குவிந்த இடம். சாதாரணச் சாயம் போதாதா என்று கேட்கலாம். 40 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்று, நல்ல சாய மூலக்கூறு ஒன்றைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் ஒளியை மறிக்கும். அதனால் கொஞ்சம் துகள்கள் சேர்ந்தாலே கோடு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, மங்கியும் போகாது. இரண்டு துகள்களுக்கு நடுவில் ஒரு நானோமீட்டர் இடைவெளியில் சிக்கிய மூலக்கூறின் ராமன் நிறமாலை (மூலக்கூறில் பட்டு நிறம் சற்று மாறிச் சிதறும் ஒளி, அதன் கைரேகை போன்றது) பல கோடி மடங்கு வலுப்பெறும் என்பதும் இதே பிளாஸ்மானின் வேலை. 1997-ல் வெள்ளித் துகள்களை வைத்து ஒற்றை மூலக்கூறின் ராமன் சைகையையே எடுத்துக் காட்டினார்கள்.

இனி இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போவோம். 10 நானோமீட்டர், 5 நானோமீட்டர் என்று இறங்க இறங்க 520 மேடு அகலமாகித் தேய்கிறது, 2 நானோமீட்டர் அருகே வரும்போது மேடே காணாமல் போகிறது. குவாண்டம் உள்ளே வரும் வாசல் இது. சிவப்பு வரும் இடத்தில் வரவில்லை, சிவப்பு போகும் இடத்தில்தான் வருகிறது!

கணக்கு எளிது. உலோகத்தில் எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் மட்டங்கள் தனித்தனிப் படிகள்தான், ஆனால் அணுக்கள் நிறைய இருந்தால் படிகள் மிக நெருங்கி ஒரே சரிவாகிவிடும். படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஃபெர்மி ஆற்றலின் (உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) மூன்றில் நான்கு பங்கை எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதை ஒட்டியது என்று 1962-ல் குபோ காட்டினார். தங்கத்தின் ஃபெர்மி ஆற்றல் 5.5 எலக்ட்ரான் வோல்ட். இரண்டரை லட்சம் எலக்ட்ரான் இருந்தால் இடைவெளி ஒன்றுமே இல்லை, அறை வெப்பநிலையின் 0.025 எலக்ட்ரான் வோல்ட் அதிர்விலேயே கரைந்துவிடும். எண்ணிக்கை சுமார் 300-க்கு இறங்கும்போது இடைவெளி அந்த 0.025-ஐத் தொடுகிறது. 300 அணுத் தங்கம் என்றால் விட்டம் 2 நானோமீட்டரை ஒட்டி. அதற்குக் கீழே படிகள் படிகளாகவே தெரிய ஆரம்பிக்கும், எலக்ட்ரான்கள் கூட்டமாக ஆட முடியாது, ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவத்தான் முடியும். உலோகம் மூலக்கூறாகிவிட்டது.

இந்த உலகத்தின் நாயகன் 25 தங்க அணுக்களும் அவற்றைச் சுற்றி 18 தயோலேட் மூலக்கூறுகளும் (கந்தகத்தின் வழியாகத் தங்கத்தோடு ஒட்டும் கரிம மூலக்கூறுகள்) கொண்ட கொத்து. சில ஆண்டுகள் இதையே 28 அணுக் கொத்து என்று நினைத்திருந்தார்கள், 2005-ல் சுகுதா குழு நிறைமாலைமானியில் துல்லியமாக அளந்து 25 என்று திருத்தியது. 2008-ல் படிக அமைப்பு கிடைத்தது. நடுவில் ஒரு அணு, அதைச் சுற்றி 12 அணுக்கள் இருபது முக வடிவில், அதற்கு வெளியே கந்தகமும் தங்கமும் மாறி மாறிக் கோத்த ஆறு வளைவுகள். எலக்ட்ரான் கணக்கைப் பாருங்கள். 25 தங்கம் கொடுப்பது 25, தயோலேட்டுகள் பிடித்து வைத்துக்கொள்வது 18, மிச்சம் 7, கொத்துக்கு ஓர் எதிர்மின்னூட்டம் இருப்பதால் இன்னொன்று, ஆக 8. 1984-ல் சோடியம் ஆவியில் கொத்துகளை எண்ணியபோது 8, 20, 40, 58 என்ற எண்ணிக்கையில் மட்டும் கொத்துகள் அதிகமாகக் கிடைத்தன, அந்த மாய எண்களில் முதலாவது இங்கேயும் நிற்கிறது. 2007-ல் அமைப்பு தெரிந்த 102 அணுக் கொத்தில் தயோலேட் 44. கழித்தால் 58. கொத்து முழுவதும் ஒரே பெரிய அணுவைப்போல் கூடுகளை நிரப்பிக்கொள்கிறது என்று சொல்வதற்கு இதைவிட நேரடியான கணக்கு கிடைக்காது.

25 அணுக் கொத்தின் நிறமாலையில் 520 மேடு இல்லை. அதற்குப் பதில் 680-ஐ ஒட்டி ஒரு மேடு, 450-ல் இன்னொன்று, 400-ல் இன்னொன்று என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட மட்டத்திலிருந்து குறிப்பிட்ட மட்டத்துக்கு நடக்கும் தாவல். கொத்து செய்கிறவர்களுக்கு 520-ல் லேசாக ஒரு வீக்கம் தெரிந்தாலே கவலைதான், சில கொத்துகள் வளர்ந்து துகளாகிவிட்டன என்று அர்த்தம்.

இந்தக் கொத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும்போது கரைசல் ஆரஞ்சு கலந்த பழுப்பு. ஆக்சிஜனேற்றம் செய்து ஒரே ஒரு எலக்ட்ரானை எடுத்துவிட்டால் பச்சை. அதே 25 அணுக்கள், அதே 18 தயோலேட்டுகள். 20 நானோமீட்டர் துகளில் ஆயிரம் எலக்ட்ரானைக் கூட்டினாலும் குறைத்தாலும் நிறம் மாறியது கண்ணுக்குத் தெரியாது. கூட்டத்துக்கும் மூலக்கூறுக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்களுக்கு ஒரே சோதனையில் காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கொத்துகள் ஒளிரவும் செய்யும். சாதாரணத் தங்கமும் ஒளிரும் என்று 1969-லேயே கண்டிருக்கிறார்கள், ஆனால் ஆயிரம் கோடி ஒளித்துகள் உள்ளே போனால் ஒன்று வெளியே வரும் என்ற அளவில். படிகளுக்கு நடுவில் இடைவெளி வந்ததும் நிலைமை தலைகீழ். மேலே ஏறிய எலக்ட்ரானுக்கு உடனே வழுக்கிக் கீழே வர வழியில்லை, அங்கேயே தங்கி, இறங்கும்போது ஒளியாகக் கொட்டுகிறது. 2009-ல் வந்த ஒரு முறை இதை மிக எளிதாக்கிவிட்டது. மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் புரதத்தைத் தங்கக் கரைசலோடு கலந்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காரமாக்கி, உடல் வெப்பநிலையில், 37 டிகிரியில், பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிட்டால் போதும். சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் பழுப்புத் திரவம், கவனிக்க எதுவுமில்லை. புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் செக்கச்செவேலென்று ஒளிர்கிறது. இந்தச் சிவப்பையும் கூழ்மத்தின் சிவப்பையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. கூழ்மத்தில் பச்சை போனதால் மிஞ்சிய சிவப்பு, இங்கே 640 நானோமீட்டரை ஒட்டிக் கொத்தே உமிழும் சிவப்பு. உள்ளே போகும் நூறு ஒளித்துகளில் ஆறு வெளியே வருகிறது. புரதத்துக்குப் பதில் டிஎன்ஏ இழையை வைத்து வெள்ளிக் கொத்து செய்தால், இழையின் வரிசையை மாற்றிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வேண்டிய நிறத்தைப் பெறலாம்.

அப்படியானால் கூட்டம் எந்த இடத்தில் மூலக்கூறாகிறது? நிறமாலையை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது, தேய்ந்த மேட்டையும் நெருங்கிய படிகளையும் பிரித்தறிவது கடினம். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபெம்டோவினாடி லேசர் துடிப்பால் எலக்ட்ரான்களைச் சூடாக்கி, அவை எவ்வளவு நேரத்தில் குளிர்கின்றன என்று இன்னொரு துடிப்பால் பார்ப்பது. உலோகம் என்றால், லேசரின் வலுவைக் கூட்டக் கூட்டக் குளிரும் நேரமும் நீளும். மூலக்கூறு என்றால், வலுவை எவ்வளவு மாற்றினாலும் நேரம் அப்படியே இருக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோங்சாவ் ஜின் குழு 2018-ல் இதை வைத்து 246 அணுக் கொத்தையும் 279 அணுக் கொத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தது. 246 தெளிவாக மூலக்கூறு. 279 தெளிவாக உலோகம், அதன் நிறமாலையில் 520-க்குச் சற்று முன்னால் பிளாஸ்மான் மேடும் முளைத்திருக்கிறது. குபோவின் கணக்கு 300 என்று கை காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, 33 அணுக்களுக்குள் எல்லை அடங்கிவிடுகிறது.

ஆனால் அந்த 33-ஐ எடுத்துக்கொண்டு எண்ணிக்கைதான் எல்லாம் என்று சொல்ல நான் தயங்குகிறேன். 246-ன் உள்ளே அணுக்கள் ஐந்து மடிப்புச் சமச்சீரில், பத்து முக அமைப்பில் அடுக்கியிருக்கின்றன. 279-ன் உள்ளே சாதாரணத் தங்கத்தில் இருப்பது போன்ற கனசதுர நெருக்க அடுக்கு. இரண்டுக்கும் மேலே போர்த்திய தயோலேட்டும் ஒன்றல்ல. ஒரே அடுக்குமுறையில், ஒரே போர்வையில், இடைப்பட்ட எண்ணிக்கைகளில் கொத்துகளைப் பிரித்தெடுத்து அதே லேசர் சோதனையை அவற்றில் செய்து பார்த்தால்தான், கூட்டம் உடைவது எண்ணிக்கையாலா, அடுக்காலா என்பதைத் தனித்தனியாகச் சொல்ல முடியும். அடுத்து வரும் கட்டுரைகளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்த அளவீட்டைத்தான்.